சுவரும் சேலையும் கேலிக்கோடும்

2018ஆம் ஆண்டு இந்திய ரயில்வே, நிலையங்களை ஓவியங்களால் அழகுபடுத்துவதற்கு ஒரு போட்டி வைத்தது. மகாராஷ்டிரத்தின் பல்லார்ஷாவும் சந்திரபூரும் முதல் பரிசைத் தட்டிச் சென்றன. இரண்டாம் பரிசு பீகாரின் மதுபனிக்கும் நம் மதுரைக்கும் சேர்ந்து கிடைத்தது. ஊருக்குப் பெருமைதான். ஆனால் ஓவியத்தில் அக்கறையுள்ளவருக்கு அந்தப் பட்டியலைப் பார்த்ததும் ஒரு கேள்வி உறுத்தும். மதுபனியில் ஊர்ப் பெயரே ஓவியத்தின் பெயர். வீட்டுச் சுவரில் வரைந்ததை ரயில் நிலையச் சுவருக்குக் கொண்டுவந்தார்கள், அவ்வளவுதான். தஞ்சாவூருக்கும் அப்படி ஒன்று உண்டு. மதுரை ஓவியம் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா?

மதுரைக்கும் ஒரு பாணி இருக்கிறது என்பது என் எண்ணம். அதைப் பரிசுப் போட்டிக்கு அனுப்ப யாருக்கும் மனம் வராது. திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் என்று எந்தச் சாலையில் போனாலும் கல்யாண மண்டப வாசலில் நிற்கிறதே, காதணி விழா ஃபிளெக்ஸ், அதைத்தான் சொல்கிறேன். நடுவில் சிம்மாசனத்தில் குழந்தை. தலை மட்டும்தான் குழந்தையுடையது; கிரீடமும் பட்டாடையும் உடம்பும் கம்ப்யூட்டரில் முன்பே தயாராக இருந்தவை. பக்கத்தில் தாய்மாமன், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, காதில் செல்போன். அவருக்குப் பின்னால் சிங்கமோ திமிலை உயர்த்திய காளையோ பாய்ந்து வரும். கீழே பாஸ்போர்ட் அளவில் வரிசையாகப் பங்காளிகளின் முகங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பெயர். எழுத்துகள் பொன்முலாம் பூசியதுபோலப் புடைத்து மின்னும். உடுப்பு மோகம், தெருவோரக் கலை, கார்ட்டூன் மூன்றும் ஒரே சட்டகத்துக்குள் இருக்கின்றன. இன்றைய ஓவியர்கள் பலர் கேன்வாஸில் பாடுபட்டுக் கொண்டுவரப் பார்க்கும் கலவை, நம்மூரில் சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்று அச்சாகிறது.

அந்தக் கலவையிலிருந்து பிறக்கும் ஓவியக் கண்காட்சிகள் இப்போது உலகமெங்கும் நடக்கின்றன. அவற்றை எப்படிப் பார்ப்பது, தமிழ் ஓவியர் ஒருவர் அந்த வழியில் போனால் எதை எடுக்க முடியும், எதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதே இங்கே விஷயம்.

மேற்கில் இந்தக் கதையைத் தொடங்குவதற்கு ஒரு கடைச் சன்னல் இருக்கிறது. 1961 ஏப்ரலில் நியூயார்க்கின் பான்விட் டெல்லர் என்ற பெரிய துணிக்கடை, புது உடுப்புகளைப் பொம்மைகளுக்கு மாட்டிச் சன்னலில் நிறுத்தியது. பொம்மைகளுக்குப் பின்னால் ஐந்து ஓவியங்கள். ஒன்றில் சூப்பர்மேன், இன்னொன்றில் பாப்பாய், மற்றொன்றில் மூக்கைத் திருத்திக்கொள்வதற்கான செய்தித்தாள் விளம்பரம். வரைந்தவர் ஆண்டி வார்ஹோல், அதுவரை செருப்பு விளம்பரங்களுக்குப் படம் போட்டுப் பேர் வாங்கியவர். அந்த ஓவியங்கள் கலைக்கூடத்துக்குப் போவதற்கு முன் தெருவில் போகிறவர்கள் பார்ப்பதற்காகத் துணிகளுக்குத் திரையாக நின்றன. மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வாசலில் சுடிதார் போட்ட பொம்மைகளைத் தாண்டிப் போகும்போது எனக்கு அந்தச் சன்னல் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

அதன் பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். எழுபதுகளின் கடைசியில் மன்ஹாட்டன் சுவர்களில் புனைபெயரில் கிறுக்கிக்கொண்டிருந்த ஜான் மிஷேல் பாஸ்கியா சில ஆண்டுகளில் கேலரிகளின் நட்சத்திரமானார். கீத் ஹாரிங் சுரங்க ரயில் நிலையங்களில் காலியாகக் கிடந்த விளம்பரப் பலகைகளில் சாக்பீஸால் வரைந்தார்; 1986இல் அதே உருவங்களைச் சட்டையிலும் பேட்ஜிலும் போட்டு விற்கச் சொந்தக் கடையே திறந்தார். 2001இல் லூயி வித்தோன் பைகளில் ஸ்டீபன் ஸ்ப்ரவுஸின் கிறுக்கெழுத்து ஏறியது. 2003இல் ஜப்பானியக் கார்ட்டூன் மரபிலிருந்து வந்த தகாஷி முரகாமியின் வண்ணங்கள் ஏறின. தெருவில் கிறுக்கியவனைப் போலீஸ் துரத்திய காலம் போய், அவனைக் கைப்பை வியாபாரி துரத்தும் காலம் வந்தது.

இந்த வரிசையில் தமிழர் ஒருவர் உண்டு. மாதங்கி 'மாயா' அருள்பிரகாசம், பாடகி எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்தவர். லண்டனில் பிறந்து, ஈழத்தில் வளர்ந்து, போர் தொடங்கியபின் அகதியாக லண்டன் திரும்பியவர். பாட வருவதற்கு முன் அவர் திரைப்படக் கலை படித்த ஓவியர். 2001இல் லண்டன் போர்டபெல்லோ சாலையில் ஒரு கடையில் அவருடைய முதல் கண்காட்சி நடந்தது. வெட்டுத்தகடு வைத்து ஸ்ப்ரே பெயின்ட் அடித்த படங்கள், கண்ணைப் பறிக்கும் நிறங்கள், ஈழப் போராட்டத்தின் புலியும் துப்பாக்கியும் பனைமரமும். பார்த்தவர்கள் முதலில் கவர்ச்சியான சுவரொட்டி என்று நினைத்திருப்பார்கள். பிறகுதான் எந்தச் சண்டை என்று கேட்டிருப்பார்கள். 2013இல் வெர்சாச்சி நிறுவனத்தின் வெர்சஸ் பிரிவுக்கு அவர் உடுப்புகள் வடிவமைத்தபோது செய்த காரியம் இன்னும் குறும்பானது. சந்தைகளில் விற்கும் போலி வெர்சாச்சிச் சட்டைகளைச் சேகரித்து, அந்தப் போலிகளை மாதிரியாக வைத்தே அசலைச் செய்தார். போலிச் சட்டை போடுகிற மக்களிடமிருந்து வந்தவருக்குத்தான் இது தோன்றும். தெருவிலிருந்து எடுப்பது என்றால் என்ன என்று கேட்பவருக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

இப்போது கண்காட்சிகளில் அதிகம் பார்க்கக் கிடைப்பது வேறு. தடித்த கறுப்பு வெளிக்கோடு, அதற்குள் ரோஸும் மஞ்சளும், ஓரத்தில் வேண்டுமென்றே ஒழுகவிட்ட பெயின்ட், கண்களுக்குப் பதில் இரண்டு பெருக்கல் குறி, மூலையில் ஒரு விலையுயர்ந்த பிராண்டின் பெயர். சென்னையில் பார்த்தாலும் இதுதான், பெர்லினிலும் இதுதான். தெருவின் பெயரைச் சொல்லிக்கொண்டு எந்தத் தெருவிலும் நிற்காத ஓவியம். வரைகிறவருக்குக் கைத்திறன் குறைவு என்று சொல்ல மாட்டேன். அவர் பார்த்த தெரு செல்போன் திரைக்குள் இருந்த தெரு.

மதுரைத் தெரு எப்படிப்பட்டது? முதலில் அந்தச் சுவர் யாருடையது என்று கேட்க வேண்டும். நியூயார்க்கில் சுவர்க் கிறுக்கல் எதிர்ப்பாகப் பிறந்தது. அனுமதி கேட்காததுதான் அதன் அடையாளம். நம்மூரில் பெரும்பாலும் தலைகீழ். தேர்தல் நெருங்கினால் சுவருக்கு வெள்ளையடித்து, ஒரு மூலையில் கட்சிப் பெயரும் ஆண்டும் எழுதிவிட்டால் அந்தச் சுவர் ரிசர்வ் ஆகிவிட்டது என்று அர்த்தம். வேறு யாரும் தொட மாட்டார்கள். திறந்தவெளிகளை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1959லேயே வந்துவிட்டது. சட்டத்துக்கு வயதாகிறது, சுவர் எழுத்து இளமையாகவே இருக்கிறது. இங்கே சுவரில் வரைபவன் கலகக்காரன் இல்லை. கூலிக்கு வரைகிற தொழிலாளி. அவனுக்குப் பின்னால் கட்சியோ, ரசிகர் மன்றமோ, சிமெண்ட் கம்பெனியோ இருக்கும். இலங்கையிலும் இதன் இன்னொரு முகத்தைப் பார்த்தோம். 2019 இறுதியில் கோத்தபய ராஜபக்ச அதிபரானவுடன் தீவு முழுக்க இளைஞர்கள் திரண்டு சுவர்களில் படம் வரைந்தார்கள். பலவற்றில் போர் வெற்றிப் பெருமிதம். வரைந்தது தெருவில்தான், நின்றது அதிகாரத்தின் பக்கம்.

தியேட்டர் பேனர்களின் காலம் இந்தக் கூலிக் கலையின் பொற்காலம். 1952இல் 'பராசக்தி'யோடு திறந்த மதுரைத் தங்கம் தியேட்டரில் இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் உட்கார முடிந்தது. அவ்வளவு பேரை உள்ளே இழுக்க வாசலில் நிற்கும் முகமும் அந்த அளவுக்கு இருக்க வேண்டியிருந்தது. பேனர் ஓவியர் சின்ன ஸ்டில் படத்தின் மேல் கட்டம் போடுவார். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணிக்கு வெள்ளைப் பூச்சு கொடுத்து, அதே கட்டங்களைப் பெரிதாகப் போட்டு, ஒவ்வொரு கட்டமாக முகத்தை ஏற்றுவார். கிட்டே நின்று வரையும்போது அது முகமாகவே தெரியாது. மூக்கின் ஒரு பக்கம் ஆள் உயரம் இருக்கும். கன்னத்துக்கு ரோஸ், தாடையின் நிழலுக்கு நீலமோ பச்சையோ, கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி. எதிர்த்த நடைபாதையில் நின்றால் எல்லாம் கூடிவரும். கதாநாயகியின் சேலைக்கு ஜிகினா ஒட்டினால் காற்றில் அது சிமிட்டும். பாரிஸில் பயின்ற ஓவியர் இதைச் செய்திருந்தால் இம்ப்ரெஷனிசம் என்று எழுதியிருப்பார்கள்.

அமெரிக்க மானிடவியலாளர் சாரா டிக்கி எண்பதுகளில் மதுரையில் தங்கி, நகரத்து ஏழைகள் சினிமா பார்ப்பதையும் ரசிகர் மன்றங்களையும் ஆராய்ந்தார். அவருடைய நூல் 1993இல் வந்தது. அதை இன்று படிக்கும்போது எனக்குத் தெளிவாகும் விஷயம், மன்றத்துக்காரர் தலைவனின் படத்தை உயர்த்தும்போது அதன் கீழே தன் பெயரையும் ஊர்முன் உயர்த்துகிறார் என்பது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் டிஜிட்டல் அச்சு வந்தபோது, தூரிகை பிடித்தவர்களுக்கு வேலை போயிற்று. ஆனால் கீழே இருந்த பெயர்களுக்கு முகம் கிடைத்தது. காதணி விழா ஃபிளெக்ஸில் நடிகனின் இடத்தில் தாய்மாமன் வந்து நின்றது இப்படித்தான். இதை மலினம் என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ராஜாக்களும் நடிகர்களும் மட்டுமே பெரிய உருவில் நிற்கலாம் என்ற ஏற்பாடு உடைந்திருக்கிறது. அதற்கு ஒரு விலையும் உண்டு. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில், கட்சிக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்காகச் சாலை நடுவே வைத்த பேனர் ஸ்கூட்டரில் போன இளம்பெண் மேல் சரிந்து, பின்னால் வந்த லாரியில் சிக்கி அவர் இறந்தார்.

இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. தென்மாவட்டங்களில் நிறம் வெறும் நிறம் இல்லை. ஃபிளெக்ஸின் ஓரப் பட்டைகளில், கொடிகளில், மின்கம்பத்தில் அடித்த வளையங்களில், பையன்களின் கையில் கட்டிய கயிற்றில், எந்த இரண்டு வண்ணம் சேர்ந்து வந்தால் எந்தச் சாதி என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரியும். ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024இல் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொல்ல வேண்டியிருந்தது. பாப் ஓவியர் ஒருவர் கண்ணுக்கு எடுப்பாக இருக்கிறது என்று இரண்டு நிறங்களை அடுத்தடுத்து அடித்துவிட்டு மதுரையில் கண்காட்சி வைத்தால், பார்ப்பவர் முதலில் படத்தைப் பார்க்க மாட்டார். வார்ஹோலுக்கு இந்தக் கவலை இல்லை. நம் ஓவியருக்கு இருக்கிறது. சொல்லப்போனால் இதுவே அவருக்குக் கிடைத்த நல்ல கச்சாப்பொருள்.

உடுப்புக்கு வருவோம். ஃபேஷன் என்றதும் மும்பையையும் பாரிஸையும் நினைக்கிறோம். ஆண்டுதோறும் சித்திரையில் கள்ளழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வைகையில் இறங்குகிறார் என்று லட்சக்கணக்கானவர்கள் காத்திருக்கும் ஊர் இது. பச்சை என்றால் அந்த வருஷம் செழிக்கும். இதைவிட ஆவலாக எதிர்பார்க்கப்படும் உடுப்பு அறிவிப்பு எந்த ஃபேஷன் மேடையிலும் இல்லை. அழகருக்கு நேர்ந்துகொண்டவர்கள் சல்லடமும் குல்லாவுமாகக் கருப்பசாமி கோலத்தில், தோல்பையில் தண்ணீர் சுமந்து பீய்ச்சிக்கொண்டு வருவார்கள். அந்த உடைகளை வெட்டித் தைத்தவர்கள் தலைமுறை தலைமுறையாகப் புதுமண்டபத்தில் உட்கார்ந்திருந்த தையற்காரர்கள். சிவப்பு, மஞ்சள், பச்சைத் துணிகளை வெட்டி ஒட்டித் தைக்கும் தொம்பைகளும் குடைகளும் அவர்கள் கையிலிருந்து வந்தவையே. திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்தின் தூண்களில் நாயக்க மன்னர்கள் மனைவியரோடு நிற்கிறார்கள். இடையில் கட்டிய துணியின் பூவேலையைக் கல்லில் இழை இழையாகச் செதுக்கியிருப்பதைப் பார்க்கலாம். சிலைக்கு முதுகைக் காட்டி ஒருவர் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த காட்சி, பார்த்தவர்களுக்கு மறக்காது. அண்மை ஆண்டுகளில் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபத்துக்கு நல்லதுதான். தையலும் சிலையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால் கிடைத்த ஒன்று போய்விட்டது என்றும் சொல்ல வேண்டும்.

சுங்குடிச் சேலை மதுரைச் சௌராஷ்டிரர்களின் கொடை. 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. துணியைக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி, காய்ந்தபின் முடிச்சை அவிழ்த்தால் ஒவ்வொரு முடிச்சும் ஒரு வெள்ளைப் பொட்டு. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுகள். பெண்கள் வீட்டு வேலைகளுக்கு நடுவே போட்ட முடிச்சுகள் என்பதால் எந்த இரண்டு பொட்டும் ஒரே அளவில் இருப்பதில்லை. இப்போது கடையில் சுங்குடி என்று விற்பதில் பெரும்பகுதி மெழுகு அச்சிலோ ஸ்கிரீன் அச்சிலோ வந்தது; பொட்டுகள் அச்சுப் பிசகாமல் இருக்கும். அமெரிக்க ஓவியர் ராய் லிக்டன்ஸ்டைன் 1961இல் மிக்கி மவுஸை வரையத் தொடங்கி, அச்சுப் புள்ளிகளைக் கையால் பெரிதாக்கி உலகப் புகழ் பெற்றார். இயந்திரம் செய்ததைக் கை செய்தது அவருடைய வேடிக்கை. நம்மிடம் கை செய்ததை இயந்திரம் செய்கிறது, அதில் ஒருவருக்கும் வேடிக்கை இல்லை. சுங்குடியின் இந்த இரண்டு பொட்டுகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கேன்வாஸில் ஒரு ஓவியர் என்ன செய்வார் என்று பார்க்க ஆசை.

தமிழ் ஓவியர்களுக்குத் துணி அந்நியமும் இல்லை. 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் மாணவர்களும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தபோது, பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசுதான் கைகொடுத்தது. காந்தியைக் கோடுகளால் வரைந்த, கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்குப் படம் போட்ட கே.எம். ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர். கேன்வாஸில் அரூபமாக வண்ணத்தைப் பரப்பிய அதே கை, தறிக்கும் வடிவம் தந்திருக்கிறது. நம் கலை விமர்சனம் அந்த வேலையை வயிற்றுப்பாட்டுக் கணக்கில் எழுதிவிட்டு, கேன்வாஸை மட்டும் கலைக் கணக்கில் எழுதுகிறது. எனக்கு இந்தக் கணக்கு பிடிபடவில்லை.

மதுரையில் 1953இல் பிறந்த டிராட்ஸ்கி மருது இந்த எல்லைகளை மதிக்காதவர். ஓவியம், பத்திரிகைக் கோட்டோவியம், சினிமா, அனிமேஷன், கம்ப்யூட்டர் வரைகலை எல்லாவற்றிலும் ஒரே கோடு ஓடும். வேகமான, முறுக்கேறிய, சித்திரக்கதையின் பாய்ச்சல் உள்ள கோடு. 'வாளோர் ஆடும் அமலை' நூலில் தமிழ் மன்னர்களை அவர் வரைந்ததை உடுப்புப் பற்றிய ஓவியமாகவே நான் படிக்கிறேன். சேரனும் சோழனும் பாண்டியனும் நம் மனசில் எப்படி இருக்கிறார்கள்? நாடகக் கம்பெனி ஜிகினா, காலண்டர் கிரீடம், சினிமாவின் வெல்வெட். மருது அதையெல்லாம் களைந்துவிட்டு, இந்த வெயிலில் இந்த மண்ணில் வாழ்ந்த போர்வீரன் எப்படி இருந்திருப்பான் என்று கோட்டால் தேடினார். கழுத்தில் என்ன மாலை, இடையில் என்ன கச்சை என்பது அழகு விஷயம் மட்டுமல்ல, யாரை நம் முன்னோர் என்று கற்பனை செய்கிறோம் என்பதும் அதில் இருக்கிறது. ஃபேஷனால் உந்தப்பட்ட ஓவியம் என்று ஒன்றைத் தமிழில் காட்டச் சொன்னால் கைப்பையையும் காலணியையும் விட்டு இங்கேதான் வருவேன்.

அவர் களைந்த காலண்டர் உடுப்பு வந்த இடம் நமக்குத் தெற்கே பக்கம்தான். நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டு ஊர் ஊராகப் போன சி. கொண்டையராஜு கோவில்பட்டியில் தங்கினார். அவரும் சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசி அச்சகங்கள் வழியாக இந்தியாவின் வீடுகளுக்குப் போனார்கள். தெய்வங்களின் பட்டுக்கரையும் நகையும் ஒரு மேடை வெளிச்சத்தில் மின்னுவதற்கு அந்த நாடகப் பின்னணி ஒரு காரணம்.

அதே சிவகாசியில்தான் 1972இல் முத்து காமிக்ஸ் பிறந்தது. முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. பிரிட்டிஷ் வார இதழுக்காக ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த தொடர், சிவகாசித் தமிழில் பேசி, மானாமதுரையிலும் வாடிப்பட்டியிலும் டவுசர் போட்ட பையன்களின் புத்தகப் பைக்குள் ஒளிந்தது. கோட்டும் தொப்பியும் போட்ட லண்டன்காரர்களை அவர்கள் பார்த்தது அங்கேதான். பெரியவர்களுக்கு விகடனில் மாலியும் கோபுலுவும் இருந்தார்கள். கோபுலுவின் மாமிகளுடைய மடிசார்க் கட்டைப் பார்த்தே ஊரையும் அந்தஸ்தையும் சொல்லிவிடலாம். அடுத்து வந்த ஜெயராஜ், பெல்பாட்டமும் மினியும் போட்ட பெண்களைக் குமுதம் பக்கங்களில் உலவவிட்டார். சிற்றூரில் அந்த உடையை யாரும் போடவில்லை, எல்லோரும் பார்த்துவிட்டார்கள். தமிழ்நாட்டின் முதல் ஃபேஷன் இதழ்கள் தொடர்கதைப் படங்கள்தான் என்று சொன்னால் பெரிய மிகை ஆகாது.

கார்ட்டூன் முறை இங்கே அதற்கும் பழையது. அழகர்கோவில் வசந்த மண்டபத்துக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். நாயக்கர் காலத்து ராமாயணம் கட்டம் கட்டமாக, பட்டை பட்டையாக ஓடுகிறது. ஒரே ராமன் அடுத்தடுத்த கட்டத்தில் மறுபடி மறுபடி வருகிறான். இன்ன காட்சி என்று எழுத்தும் உண்டு. உடம்புகளுக்கு நிழல் கிடையாது, தட்டையான நிறமும் சுற்றிலும் உறுதியான கோடும்தான். ஒவ்வொருவர் வேட்டியிலும் சேலையிலும் வேறு வேறு அச்சுப் பூக்கள். கழுத்து வலித்தால் உட்கார்ந்துவிட்டு மறுபடி பார்க்கலாம், அங்கே ஒருவரும் விரட்டுவதில்லை.

இன்றைய கார்ட்டூனுக்கு மதுரை கொடுத்த ஆள் வடிவேலு. பட்டாபட்டி, வீங்கிய மீசை, அடி வாங்கிய முகம் என்று அவர் உடம்பையே கேலிச்சித்திரமாக மாற்றி வைத்திருந்தார். மீம் போடுகிறவர்கள் அதை வெட்டி ஒட்டினார்கள். 2019 மே மாதம், 2001இல் வந்த 'ப்ரெண்ட்ஸ்' படத்துக் கான்ட்ராக்டர் நேசமணிக்காகப் பிரார்த்திக்கச் சொல்லி உலகமே ட்விட்டரில் கேட்டதே, ஞாபகம் இருக்கும். கேன்வாஸில் அந்நியக் கார்ட்டூன் எலியை வரைகிற தமிழ் ஓவியர், ஒரு புருவ அசைவிலேயே எட்டுக் கோடிப் பேருக்குப் புரிகிற இந்த முகத்தை ஏன் தொடுவதில்லை? தொட்டால் உள்ளூர்ச் சரக்கு ஆகிவிடும் என்ற பயமாக இருக்கலாம்.

உள்ளூர்ச் சரக்கைத் தொட்டவர்களும் இருக்கிறார்கள். திருவண்ணாமலைப் பின்னணி கொண்ட ஓஷீன் சிவா காமிக்ஸ் வண்ணங்களில் வரைகிறார். தமிழ், தலித் நினைவுகளிலிருந்து புறப்பட்டு, எதிர்காலத்தில் வாழும் பெண்கள், பல கை பல கண் கொண்ட உருவங்கள் என்று போகிறார். கொழும்பில் பிறந்து சிட்னியில் வளர்ந்த ரமேஷ் மரியோ நித்தியேந்திரன் சுடுமண்ணில் பல்லிளிக்கும் தெய்வங்களைச் செய்து, மேலே ஸ்ப்ரே நிறங்களை அடிக்கிறார். அவற்றின் படங்களைப் பார்த்ததும் எனக்கு மதுரைச் சமவெளியின் கண்மாய்க்கரை அய்யனாரும் வேளார் செய்த மண்குதிரைகளும்தான் தோன்றின. இருவரும் தெய்வத்தின் முகத்தைக் கார்ட்டூனுக்கு அருகே கொண்டுபோயும் அதை அவமதிக்கவில்லை. நம் கிராமத்துக் காவல் தெய்வங்களின் உருண்ட விழியும் முறுக்கு மீசையும் ஏற்கெனவே பாதி கார்ட்டூன்தான்.

ஓஷீன் சிவா வரைந்த சுவர்களில் ஒன்று சென்னைக் கண்ணகி நகரில் இருக்கிறது. நகரத்தின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட மக்களை 2000 முதல் குடியேற்றிய இடம் அது. 2020இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் மாநகராட்சியும் ஏசியன் பெயின்ட்ஸும் சேர்ந்து, அடுக்குமாடிச் சுவர்களில் உயரமான ஓவியங்கள் வரையச் செய்தன. சென்னைத் தெரு ஓவியர் ஏ-கில் அங்கே பெரிய முகங்களை வரைந்தார். கண்ணகி நகர் என்றால் வேலை தரத் தயங்கிய ஊரில், அதை ஓவியம் பார்க்கப் போகும் இடமாக மாற்றியது சின்னக் காரியமல்ல. அதே சமயம் சுவருக்கு வண்ணம் வந்த வேகத்தில் குழாயில் தண்ணீர் வந்ததா என்று கேட்பவர்களைக் குறை சொல்லவும் முடியாது. தெரு ஓவியத்துக்கு இங்கே கிடைத்த புதிய புரவலர் பெயின்ட் கம்பெனி. கட்சிக்காரரின் இடத்தில் இவர் வந்திருக்கிறார். சுவர் ரிசர்வ் ஆகும் முறை அப்படியே இருக்கிறது.

மதுரையில் இப்படி ஒரு கண்காட்சி நடந்தால் எங்கே நடத்துவது என்பதும் கேள்விதான். சென்னைக்கு லலித் கலா அகாடமியும் சோழமண்டலமும் இருப்பதுபோல இங்கே இல்லை. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. இந்த ஊர்க்காரர்கள் கண்காட்சி என்ற பழக்கத்தைக் கற்றுக்கொண்டது தமுக்கம் மைதானத்துச் சித்திரைப் பொருட்காட்சியில். அரசுத் துறை அரங்கும் ராட்டினமும் டெல்லி அப்பளமும் ஒரே டிக்கெட்டில். வெள்ளைச் சுவருக்கு முன் அமைதியாக நிற்கச் சொன்னால் வராத கூட்டம் அங்கே வரும்.

எதைத் தொங்கவிடுவது என்பது அதைவிடச் சிக்கல். பழைய பேனர்கள் மிஞ்சவில்லை. படம் மாறியதும் அதே துணியின் மேல் வெள்ளை அடித்து அடுத்த படத்தை வரைந்தார்கள். கிழிந்தது தார்ப்பாயாகப் போயிற்று. கட்டம் போட்ட ஸ்டில் படங்கள் சில வீட்டுப் பரண்களில் இருக்கலாம். சுவர் ஓவியராவது மூலையில் இன்ன ஆர்ட்ஸ் என்று தன் பெயரை எழுதினார். ஃபிளெக்ஸில் கடையின் பெயரும் செல் நம்பரும்தான் இருக்கும். இரவெல்லாம் உட்கார்ந்து முகங்களை வெட்டிச் சிங்கத்தின் பக்கத்தில் ஒட்டிய பையனின் பெயர் இருக்காது. அந்தப் பாணியைக் கேன்வாஸுக்குக் கொண்டுபோய் லட்சத்தில் விற்கும் ஓவியர், படத்தின் அருகே வைக்கும் அட்டையில் அவன் பெயரைப் போடுவாரா, விற்ற காசில் அவனுக்குப் பங்கு கொடுப்பாரா என்பதை இப்போதே பேசி முடித்துக்கொள்வது நல்லது. அதற்கும் முன்னால் யாராவது ஃபிளெக்ஸ் கடைகளில் ஏறி இறங்கிப் பழைய கோப்புகளைக் கேட்டு வாங்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் நிரம்பியதும் முதலில் அழிக்கப்படுவது போன வருஷத்துக் காதணி விழாக்கள்தான்.